பிழையைத் தேடும் கம்பி

திறப்பு இல்லாமல் பூட்டைத் திறக்கப் பழகத் தொடங்குபவர் செய்யும் முதல் செலவு பெரும்பாலும் வீண்செலவு. இணையக் கடையில் 30 துண்டுகள் கொண்ட தொகுதி ஒன்று தோலுறையோடு கண்ணைப் பறிக்கும். கொக்கி, அலை, பந்து, முக்கோணம் என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம். வாங்கிப் பழகினால் மூன்று நான்குதான் கைக்கு உதவும்; மற்றவை உறைக்குள்ளேயே கிடக்கும். அந்த மூன்று நான்கு எவை என்பதை வாங்கும் முன்பே கணித்துவிடலாம். கருவிப் பட்டியல்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒரு பூட்டு ஏன் கம்பிக்கு இடம் கொடுக்கிறது என்பது விளங்கினால், கம்பியின் நீளம், தடிப்பு, உலோகம், கைப்பிடி எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

திறப்பைப் பார்த்துப் பூட்டை அறிதல்

கல்முனைப் பிரதான வீதியில் எந்த ஹாட்வெயார் கடைக்குள் நுழைந்தாலும் பல வகை ஆமைப்பூட்டுகளைப் பார்க்கலாம். பித்தளை உடல், இரும்பு உடல், பிளாஸ்டிக் உறை போட்டது என்று வெளித்தோற்றம் மாறும். உள்ளே இருக்கும் பொறிமுறையோ சில வகைகளுக்குள் அடங்கிவிடும். உடலைப் பார்த்து வகையைச் சொல்வது கடினம். கூட வரும் திறப்பைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

தட்டையான திறப்பின் ஒரு விளிம்பு மட்டும் ஏறி இறங்கி வெட்டப்பட்டு, பக்கவாட்டில் நீளமான பள்ளங்கள் ஓடினால் அது பின் (pin) பூட்டு. உருண்டைத் தண்டின் நுனியில் படிப்படியாக வெட்டிய சிறு தகடு இருந்தால் அது நெம்புத் தகடுகளால் இயங்குவது. புவிசார் குறியீடு 2019இல் கிடைத்த திண்டுக்கல் பூட்டில் இந்த இனமே பேர்போனது. அலிகாரிலிருந்து வரும் கனத்த பூட்டுகளிலும் இது ஏராளம். அலுமாரி, மேசை லாச்சி, தபால் பெட்டி போன்றவற்றின் மெல்லிய திறப்பு பெரும்பாலும் தகட்டுப் பூட்டுக்கு உரியது; அதில் பின்னுக்குப் பதிலாகச் சிறு பித்தளைத் தகடுகள் ஏறி இறங்கும். தட்டைப் பரப்பில் குழி குழியாகக் கடைந்த திறப்பும் உண்டு. அது பின் பூட்டின் சிக்கலான உறவு. தொடக்கக்காரர் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

நெம்புத் தகட்டுப் பூட்டுக்கு வேறு அமைப்பில் வளைத்த கம்பிகள் வேண்டும். சந்தையில் தொடக்கக்காரருக்கு என்று விற்கும் கருவிகள் பின் பூட்டை மனதில் வைத்தே செய்யப்படுகின்றன. எனவே இந்த அத்தியாயமும் பின் பூட்டோடு நிற்கிறது.

7,776இலிருந்து 15க்கு

மரத்தில் செய்த பின் பூட்டு பண்டைய எகிப்திலேயே புழங்கியது. அதைச் சிறிய உலோகப் பொறியாக மாற்றியவர்கள் அமெரிக்காவின் யேல் குடும்பத்துத் தந்தையும் மகனும். மூத்த லைனஸ் யேல் 1848இல் காப்புரிமை பெற்றார். மகன் 1860களில் அதைத் தட்டைத் திறப்போடு இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

பூட்டின் உடலுக்குள் சுழலக்கூடிய ஒரு பித்தளை உருளை இருக்கிறது. உடலையும் உருளையையும் ஊடுருவி, வரிசையாக ஐந்து துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பின்கள், அவற்றுக்கு மேலே ஒரு ஸ்பிரிங். கீழ்ப்பின் திறப்பில் உட்காரும். மேல்பின்னை ஸ்பிரிங் கீழே அழுத்துவதால், அது பாதி உடலிலும் பாதி உருளையிலுமாகக் குறுக்கே நின்று உருளையைத் திரும்பவிடாமல் தடுக்கும். சரியான திறப்பு நுழையும்போது ஒவ்வொரு சோடியும் தனக்குரிய உயரத்துக்கு எழும். கீழ்ப்பின்னும் மேல்பின்னும் சந்திக்கும் இடம், உருளையும் உடலும் சந்திக்கும் எல்லைக்கு நேராக வந்து நிற்கும். அந்த எல்லையைப் பிரிகோடு என்று அழைப்போம். ஐந்து சோடிகளும் பிரிகோட்டுக்கு வந்ததும் உருளை திரும்பும்.

ஒவ்வொரு பின்னுக்கும் ஆறு உயரங்கள் சாத்தியம் என்றால், ஐந்து பின்களுக்கு 6 × 6 × 6 × 6 × 6, அதாவது 7,776 சேர்க்கைகள். ஒன்றுவிடாமல் முயல்பவர் சோர்ந்துபோவார். காகிதத்தில் பூட்டு பத்திரமானது.

ஆனால் பூட்டைச் செய்வது துளைபொறி. எவ்வளவு நல்ல பொறியானாலும் ஐந்து துளைகளும் ஒரே நேர்கோட்டில் விழுவதில்லை. மில்லிமீற்றரின் நூறில் சில பங்காவது இப்படியோ அப்படியோ விலகும். பின்களின் விட்டமும் அப்படியே. இப்போது உருளையைச் சற்றே திருப்ப முயன்றால், ஐந்து பின்களும் ஒரே நேரத்தில் இறுகுவதில்லை. மிக விலகிய துளையில் இருக்கும் பின் முதலில் அகப்படும். மற்ற நான்கும் ஸ்பிரிங்கின் மேல் இலகுவாக ஆடும். இறுகிய அந்த ஒன்றை மெல்ல உயர்த்தினால், மேல்பின் பிரிகோட்டைத் தாண்டும் கணத்தில் உருளை மயிரிழை அளவு திரும்பும். மேல்பின் கீழே இறங்க வழியில்லாமல் உருளையின் விளிம்பில் உட்கார்ந்துவிடும். அடுத்து விலகிய துளையின் பின் இறுகும்.

முதல் இறுகிய பின்னைத் தேட அதிகம் போனால் ஐந்து இடங்களைத் தொட வேண்டும். அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு, ஒன்று. மொத்தம் 15. பெருக்கலாக இருந்த புதிர் கூட்டலாகச் சுருங்கிவிட்டது. சுருக்கியது முழுக்க முழுக்க அந்த நூறில் சில பங்குப் பிழை. எனவே நமக்கு வேண்டியவை இரண்டே வேலைகளுக்கான கருவிகள்: பிழையை வெளியே வரவைக்க ஒன்று, வந்த பிழையைத் தொட்டறிய ஒன்று.

முறுக்குக் கம்பிக்கு முதலிடம்

தொடக்கக்காரரின் கண் கொக்கியின் மேல் போகும். காசு போக வேண்டியதோ முறுக்குக் கம்பிக்கு. உருளையைத் திருப்பும் அழுத்தத்தை வேலை முடியும்வரை தருவது அதுதான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். கம்பியின் கைப்பிடி 6 சென்றிமீற்றர் நீளம். உருளையின் ஆரை சுமார் 6 மில்லிமீற்றர். நெம்புகோல் விதிப்படி விரல் தரும் விசை பின்னருகே பத்து மடங்காகிறது. விரலால் 50 கிராம் எடையளவு அழுத்தினால், அங்கே அரைக் கிலோவுக்கான விசை. அதற்குமேல் அழுத்தினால் பித்தளை சற்று நெளிந்து, விலகல் குறைந்த பின்களும் சேர்ந்து இறுகிவிடும். எல்லாம் இறுகினால் எது முதலில் இறுகியது என்று பிரித்தறிய முடியாது. நாம் தேடிவந்த பிழையே மறைந்துபோகும். பலத்தால் திறக்காத பூட்டு, பலத்தைப் பாதியாக்கியதும் திறப்பதற்குக் காரணம் இதுதான்.

அழுத்தத்தின் பங்கை உலகறியச் செய்தவர் அமெரிக்கப் பூட்டுக்கலைஞர் ஆல்பிரட் சார்ல்ஸ் ஹொப்ஸ். லண்டனில் பிராமா நிறுவனம் 1790 முதல் தன் கடைச் சாளரத்தில் ஒரு பூட்டை வைத்து, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்திருந்தது. பெருங்கண்காட்சி நடந்த 1851இல் ஹொப்ஸ் அதைத் திறந்தார். 16 நாட்களில் பரவிய 51 மணி நேர வேலை அது. அழுத்தம் மாறாமல் நிற்பதற்காக ஒரு தனி அமைப்பைப் பூட்டோடு பொருத்திக்கொண்டார்; அது முறையா என்று பின்னர் சர்ச்சையும் எழுந்தது. அவரது வெற்றியில் பாதி அந்த நிலையான அழுத்தத்துடையது.

முறுக்குக் கம்பியைத் திறப்புத் துளையின் அடியில் மாட்டலாம், அதன் மேற்பகுதியிலும் மாட்டலாம். அடியில் மாட்டுவது பழகச் சுலபம். ஆனால் கொக்கி நுழைய வேண்டிய இடத்தில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். மேலே மாட்டும் தடித்த தட்டைக் கம்பி துளை முழுவதையும் கொக்கிக்கு விட்டுவிடும். அது துளையில் ஆடாமல் இறுகப் பொருந்த வேண்டும், ஆடினால் விரலுக்குச் சேதி வராது. 1 மில்லிமீற்றரில் ஒன்றும் 1.3 மில்லிமீற்றரில் ஒன்றும் மேல்மாட்டுக்கு, 0.8 அளவில் ஒன்று அடிமாட்டுக்கு: இந்த மூன்றும் இருந்தால் ஆமைப்பூட்டுகளில் பெரும்பாலானவற்றைச் சமாளிக்கலாம். வாங்க வசதியில்லாவிட்டால், கழித்துப்போட்ட வாகன வைப்பரின் ரப்பரை ஒட்டி ஓடும் நீண்ட உருக்குப் பட்டைகளை எடுத்து, நுனியைக் குறட்டால் வளைத்துக்கொள்ளலாம்.

கொக்கியின் உயரமும் தடிப்பும்

கொக்கி நுழையும் துளை ஒடுங்கியது. மெல்லிய கம்பி சுலபமாக நுழையும். ஆனால் வளையும், முறியும் என்று பயப்படுவோம். பயம் பாதி உண்மை. செவ்வக வெட்டுமுகம் உள்ள தண்டு மேல்நோக்கிய விசைக்கு எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்பது, தடிப்புக்கு நேர்விகிதத்திலும் உயரத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் அமைகிறது. தடிப்பைப் பாதியாக்கினால் விறைப்பு பாதியாகும். உயரத்தைப் பாதியாக்கினால் எட்டில் ஒன்றாகிவிடும்.

இந்த ஒரு விதி வாங்குபவருக்குப் பல கேள்விகளைத் தீர்த்துவைக்கிறது. ஒடுங்கிய துளைக்காகத் தகட்டின் தடிப்பை 0.6 மில்லிமீற்றரிலிருந்து 0.4 வரை குறைக்கலாம், பெரிய நட்டமில்லை. ஆனால் தண்டை அரத்தால் ராவி உயரத்தைக் குறைக்கும்போது கவனம் வேண்டும். மிக உயரமான தண்டும் கூடாது. பின்னால் இருக்கும் பின்னைத் தூக்கும்போது முன்னால் இருப்பவற்றில் அது முட்டும். முதலில் 0.5 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு குட்டைக் கொக்கியும், அதைவிடச் சற்று உயர்ந்த ஒரு நடுக் கொக்கியும் எடுங்கள். இவற்றோடு அலைபோல் நெளிந்த விளிம்புள்ள கம்பி ஒன்று போதும். அதை உள்ளே விட்டு ஆட்டினால், மலிவான பூட்டுகளில் பின்கள் தற்செயலாகப் பிரிகோட்டில் அமைந்துவிடும். முதல் நாளே ஒரு பூட்டு திறப்பது உற்சாகம் தரும். ஆனால் அலைக்கம்பி எதையும் கற்றுத் தராது; ஒவ்வொரு பின்னாகத் தொட்டறியும் கொக்கிதான் ஆசிரியர்.

பந்து நுனி, இரட்டைப் பந்து, முக்கோணம் போன்றவற்றில் பல தகட்டுப் பூட்டுகளுக்கு உரியவை. விசையை இழுத்துத் தட்டும் துப்பாக்கி வகைக் கருவி கை உணர்வைப் பழக்காது. இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

உப்புக்காற்றுக்கு ஏற்ற உருக்கு

மருதமுனையிலிருந்து பொத்துவில்வரை கடலை ஒட்டிய ஊர்களில் வாழ்பவருக்கு ஒரு தனிக் கவலை உண்டு: துரு. காற்றோடு வரும் உப்பில் உள்ள குளோரைட்டு, ஈரத்தோடு சேர்ந்து சாதாரண உருக்கை வேகமாக அரிக்கும்.

கருவி செய்ய மூன்று உருக்குகள் அதிகம் பயன்படுகின்றன. 1095 என்ற உயர்கரி உருக்கில் கரி சுமார் 0.95 சதவீதம், விறைப்பானது, ஆனால் நம் ஊரில் துடைக்காமல் வைத்தால் செம்மை படரும். 420 என்ற துருவேறா உருக்கில் குரோமியம் 12 முதல் 14 சதவீதம். 301இல் குரோமியம் சுமார் 17 சதவீதமும் நிக்கல் சுமார் 7 சதவீதமும் உண்டு. குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்து உள் உலோகத்தைக் காக்கிறது. 301 சூடாக்கிக் கடினமாக்கப்படுவதில்லை. குளிர்நிலையில் உருட்டி உருட்டியே அதற்கு ஸ்பிரிங் தன்மை ஏற்றப்படுகிறது. அதிகம் வளைந்தாலும் அது சட்டென்று முறியாமல் மடங்கி நிற்கும். பழகும் கைக்கு இது பெரிய வசதி. கரையோரத்துத் தொடக்கக்காரருக்கு என் தெரிவு 301.

கழித்த ஹெக்ஸோ பிளேட்டில் கொக்கி செய்ய விரும்புபவர்கள் வெப்பத்தைக் கவனிக்க வேண்டும். அரைசக்கரத்தில் பிடிக்கும்போது உருக்கின் நிறம் வைக்கோல் மஞ்சளுக்கு மாறினால் வெப்பம் 220 பாகை செல்சியசைத் தாண்டிவிட்டது. நீலமானால் சுமார் 300. நீலம் கண்ட கரி உருக்கு தன் கடினத்தில் ஒரு பங்கை இழந்திருக்கும். ஆகவே சில நொடிக்கொருமுறை தண்ணீரில் தோய்த்து எடுங்கள். கடைசியில் நீர்த்தாளால் விளிம்புகளை வழவழப்பாக்குங்கள். கரடான விளிம்பு பின்னில் உராய்ந்து பொய்ச் சேதி சொல்லும்.

பூட்டுக்குள் சமையல் எண்ணெய் விடும் வழக்கத்தையும் கைவிடுங்கள். அது தூசியைப் பிடித்துப் பிசினாகி ஸ்பிரிங்குகளை ஒட்டவைக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி போதும்.

விரல் உணரும் அதிர்வு

பூட்டுக்குள் நடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பின் பிரிகோட்டில் அமரும்போது எழும் மெல்லிய அதிர்வு கம்பி வழியாக விரலுக்கு வருகிறது. அதைப் பிடிப்பவை தோலின் ஆழத்தில் இருக்கும் பசினி நுண்ணுறுப்புகள். 19ஆம் நூற்றாண்டில் அவற்றை விவரித்த இத்தாலிய மருத்துவர் பிலிப்போ பசினியின் பெயர் அவற்றுக்கு. விநாடிக்கு 250 அளவிலான அதிர்வுகளில் அவை மிகக் கூர்மையாக இயங்கும். மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த அசைவைக்கூட அறியும். தொடுகை மின்சேதியாக மாறும் மூலக்கூறுகளைக் கண்டறிந்ததற்காகத்தான் ஆர்டெம் பட்டபூட்டியன் 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கைப்பிடியைத் தெரிவுசெய்ய இந்த உடலியல் போதும். தடித்த ரப்பர்க் கைப்பிடி பிடிக்கச் சொகுசானது. ஆனால் ரப்பர் அதிர்வை உறிஞ்சும். சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ கைத்தூண்டில் போடுபவர் மெல்லிய தங்கூசியை விரலில் நேரடியாகப் பிடிப்பதும் இதற்காகவே: இரை கடிபடுவது கைக்குத் தெரிய வேண்டும். கருவியிலும் வெறும் உலோகக் கைப்பிடி, அல்லது மெல்லிய பிளாஸ்டிக் குழாய் போர்த்தியது நல்லது. கொக்கியைப் பேனாபோல் இலேசாகப் பிடியுங்கள். இறுக்கிப் பிடித்த விரல் தன் தசைநடுக்கத்தையே உணர்ந்துகொண்டிருக்கும்.

பழகும் பூட்டு

கருவிக்குச் செலவழித்ததைவிடப் பூட்டுக்கு அதிகம் செலவழியுங்கள். 40 மில்லிமீற்றர் பித்தளை ஆமைப்பூட்டு நல்ல தொடக்கம். பயணப்பையில் போடும் சிறு பூட்டின் துளைக்குள் கொக்கியே நுழையாது. உள்ளே தெரியும் கண்ணாடிப் பிளாஸ்டிக் பூட்டு பொறிமுறையை விளங்கிக்கொள்ளவும் பிள்ளைகளுக்குக் காட்டவும் உதவும்; ஆனால் அதன் துளைகள் மிகத் தளர்வானவை, அதில் பழகிய கை உலோகப் பூட்டில் தடுமாறும்.

மிகச் சிறந்தது, கழற்றிய பழைய கதவின் உருளைப் பூட்டு. பின்புறத்து வளையக் கிளிப்பை நீக்கி, திறப்பைப் போட்டு உருளையைச் சற்றுத் திருப்பி, உருளையின் அதே விட்டமுள்ள ஒரு மரத்தண்டால் உருளையை வெளியே தள்ளுங்கள். தண்டு பின்தொடர்ந்து வந்தால்தான் ஸ்பிரிங்குகள் தெறித்து ஓடாமல் நிற்கும். பிறகு ஒரே ஒரு பின்னை மட்டும் போட்டுப் பழகுங்கள். அது சலிப்பூட்டும்வரை திறந்த பிறகு இரண்டு, மூன்று என்று கூட்டுங்கள். ஐந்தும் வசப்பட்டபின், நடுவில் இடை ஒடுங்கிய மேல்பின்கள் உள்ள பூட்டைத் தேடலாம். அதில் உருளை சில பாகை திரும்பி, திறந்துவிட்டதுபோல் ஏமாற்றி நின்றுவிடும். முறுக்கைத் தளர்த்தி உருளையைச் சற்றுப் பின்னே வரவிட்டால்தான் மேலே போக முடியும். முறுக்குக் கம்பிக்கு ஏன் முதலிடம் என்பது அப்போது முழுமையாக விளங்கும்.

அமானிதம்

கைத்திறனோடு ஒழுக்கமும் வேண்டும். மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8இல், கஃபாவின் திறப்பு அதை வைத்திருந்த உஸ்மான் இப்னு தல்ஹாவிடமிருந்து பெறப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் அதை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அவரது குலத்தைச் சேர்ந்த ஷைபா குடும்பம் இன்றும் அந்தத் திறப்பைப் பாதுகாத்து வருகிறது. அமானிதத்தை, அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்டதை, உரியவரிடம் சேர்ப்பது பற்றிய ஸூரா அந்நிஸாவின் 58ஆவது வசனத்தைத் தப்ஸீர்கள் இந்த நிகழ்வோடு சேர்த்து விளக்குவதுண்டு. பூட்டின் ஒழுக்கத்தை நம் முஸ்லிம் சமூகத்துக்கு வெளியிலிருந்து கற்க வேண்டியதில்லை.

உலகெங்கும் இந்தப் பொழுதுபோக்கைப் பழகுபவர்கள் இரண்டு விதிகளைக் கைக்கொள்கிறார்கள். உங்களுக்குச் சொந்தமில்லாத பூட்டை, உரியவரின் அனுமதியின்றித் தொடாதீர்கள். பாவனையில் இருக்கும் பூட்டையும் தொடாதீர்கள், அது உங்களுடையதானாலும். இரண்டாவது விதிக்கு இயந்திரவியல் காரணம் உண்டு: மேல்பின் கோணலாகச் சிக்கினால் திறப்பே நுழையாது, இரவில் குடும்பத்தோடு வாசலில் நிற்க நேரிடும். முதல் விதியிலும் ஒரு கவனம் வேண்டும்: நம் ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்கு எழுதப்படுவதே வழக்கம் என்பதால், வாப்பா தலையாட்டியது அனுமதியாகிவிடாது. உம்மாவிடமோ ராத்தாவிடமோ கேட்க வேண்டும். கருவிகளை வீட்டிலேயே வையுங்கள். வீடுடைத்தல் கடுமையான குற்றம். அதற்குப் பயன்படக்கூடிய கருவியோடு இரவில் வீதியில் பொலிஸிடம் அகப்படுபவர், பொழுதுபோக்கு என்று சொல்லித் தப்புவது கடினம்.

இவ்வளவும் திருடருக்குப் பாடம் ஆகாதா என்ற கேள்வி ஹொப்ஸின் காலத்திலேயே எழுந்தது. திருடருக்கு இது தேவைப்படுவதில்லை. அவர் அவசரக்காரர், நெம்புகம்பியோடு வருவார். பயன் பூட்டு வாங்குபவருக்குத்தான். சில மாதம் பழகியவர் கடையில் பூட்டைக் கையில் எடுத்ததும் திறப்பை நுழைத்துப் பார்ப்பார், உருளை ஆடுகிறதா என்று அசைப்பார், துளையின் ஒடுக்கத்தைப் பார்ப்பார். பூட்டின் பெயரையும் எடையையும் மட்டும் நம்பமாட்டார். அப்படியே கதவுக்குத் திரும்பிக் கொண்டியையும் பார்க்கட்டும். கதவைச் சாத்திய பிறகும் அதன் திருகாணிகள் வெளியே தெரிந்தால், அதில் எந்தப் பூட்டைத் தொங்கவிட்டும் பயனில்லை. ஒரு ஸ்குரூடிரைவர் போதும்.